வாடிக்கையாளருக்கு ஒரு வாழ்த்து மடல்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

பொங்கல், தீபாவளி, ரமலான், கிறிஸ்துமஸ் என்று எந்த நல்ல நாள் வந்தாலும் இன்று நமக்கு முந்திக்கொண்டு வாழ்த்துச் சொல்பவர்கள் உற்றார் உறவினர் அல்லர், கடைக்காரர்கள்தாம். விடியற்காலையில் கைப்பேசியைத் திறந்தால் வங்கி வாழ்த்துகிறது; நகைக்கடை வாழ்த்துகிறது; என்றோ ஒரு நாள் செருப்பு வாங்கிய கடையும் மறவாமல் வாழ்த்துகிறது. இவற்றுள் எத்தனையை நாம் படிக்கிறோம் என்று கேட்டால் விடை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆயினும் வணிகர்கள் ஆண்டுதோறும் பணம் செலவழித்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பயன் கண்டு அனுப்புகிறார்களா, அல்லது பக்கத்துக் கடைக்காரர் அனுப்புகிறாரே என்று அனுப்புகிறார்களா?

வணிகவியல் பயிலும் மாணவி என்ற முறையிலும், நம் கும்பகோணத்தில் சிறியதொரு பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள் என்ற முறையிலும் இக்கேள்வியை இரு பக்கத்திலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருக்கிறது. எங்கள் கடையிலிருந்து பொங்கலுக்குச் செல்லும் வாழ்த்து மடல்களுக்கு நான் ஏழாம் வகுப்பிலிருந்து முகவரி எழுதி வருகிறேன். இவ்வாண்டு அப்பழக்கத்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று வீட்டில் ஒரு விவாதமே எழுந்தது. எவர்சில்வர் பாத்திரங்களை மலைபோல் குவித்து வைத்திருக்கும் பெரிய கடைகள் வந்தபின் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கிட வேண்டிய ரூபாயாகிவிட்டது. ஆகவே இப்பொருளைப் பற்றிச் சற்று ஊன்றிப் படிக்கலானேன். படித்தவற்றையும் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நற்பெயர் என்னும் சொத்து

கூட்டாண்மைக் கணக்குகளைப் படிக்கும்போது நாம் எல்லோரும் 'நற்பெயர்' என்னும் சொல்லைச் சந்தித்திருக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாச் சொத்து என்று ஆசிரியர் சொல்வார். சராசரி இலாபத்தை இத்தனை ஆண்டுக் கொள்முதலால் பெருக்கு என்பார். நாமும் பெருக்கி விடை எழுதிவிடுவோம். அந்தச் சொத்து எதனால் ஆனது என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை. 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சரக்கு வண்டித் தொழிலைப் பற்றிய வழக்கில் எல்டன் பிரபு என்னும் நீதிபதி இதற்கு ஒரு விளக்கம் தந்தார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்தையே நாடி வரக்கூடும் என்னும் வாய்ப்புத்தான் நற்பெயர் என்பது அவர் கூறியதன் சாரம். குரட்வெல் எதிர் லை என்னும் அவ்வழக்கு இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது.

'வரக்கூடும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்த வாய்ப்பு எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவினதன்று. மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் அவரிடம் வாரந்தோறும் வருகிறார். உளுந்தில் கல் இருந்தால் அடுத்த வாரமே சண்டை. நல்ல உளுந்தானால் அடுத்த வாரமே சமாதானம். அங்கே வாழ்த்து மடல் இல்லாவிட்டாலும் உறவு அறுந்துவிடாது. பாத்திரக்கடை அப்படியன்று. ஒரு குடும்பம் எங்கள் கடைக்கு முழுமையாக வருவது ஒரு பெண்ணின் திருமணத்தின்போது. அண்டா, தவலை, குடம், வெண்கலப் பானை, குத்துவிளக்கு, சாப்பாட்டுத் தட்டுகள் என்று பாதி நாள் உட்கார்ந்து எடுப்பார்கள். தலைப்பொங்கலுக்கு ஒரு பித்தளைப் பானை வாங்க மீண்டும் வருவார்கள். அதன்பின் அடுத்த பெண்ணுக்கோ பையனுக்கோ திருமணம் கூடிவரும்வரை எட்டு ஆண்டு, பத்து ஆண்டு அவர்களுக்கு எங்களிடம் வேலையே இல்லை. பித்தளை அத்தனை எளிதில் ஓட்டையாவதில்லை அல்லவா!

அந்தப் பத்தாண்டுக்குள் கடைத்தெருவில் எத்தனையோ மாறிவிடும். புதிய கடைகள் எழும். பழைய கடைகள் பெயர் மாறும். கடையின் பெயரும் அது இருக்கும் சந்தும் அக்குடும்பத்தின் நினைவிலிருந்து நழுவிவிட்டால் எல்டன் பிரபு சொன்ன வாய்ப்பும் அதனுடன் போய்விடும். ஆகவே வாங்குதலுக்கும் வாங்குதலுக்கும் இடையே நீண்ட இடைவெளி உள்ள தொழில்களுக்கே வாழ்த்து மடல் மிகுதியும் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. ஆயுள் காப்பீட்டு முகவர்கள் நாட்காட்டியும் நாட்குறிப்பும் தருவதையும், இருசக்கர வண்டி விற்பவர்கள் பண்டிகைதோறும் மடல் அனுப்புவதையும் இவ்வகையிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அச்சடித்த வாழ்த்தின் பிறப்பு

பண்டிகை வாழ்த்தை அச்சடித்து அனுப்பும் வழக்கம் எப்படித் தோன்றியது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் அஞ்சல் முறை வந்தது. அதனைக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி கோல் என்னும் அரசு அலுவலர். அஞ்சல் மலிவானதும் எல்லோரும் எல்லோருக்கும் கடிதம் எழுதத் தொடங்கினர். பண்டிகைக் காலத்தில் தமக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கு மறுமொழி எழுத முடியாமல் அவரே திணறினார். 1843இல் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரையச் செய்து, வாழ்த்தை அதிலேயே அச்சிட்டு, பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டு அட்டையாக்கினார். எஞ்சிய அட்டைகள் ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. படத்தில் குடும்பத்தார் மது அருந்துவதுபோல் இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கண்டனம் செய்தார்கள் என்பது தனிக்கதை.

ஆக, அச்சடித்த வாழ்த்து என்பது பிறக்கும்போதே கை நோவைக் குறைக்கப் பிறந்தது. அதில் எழுதுவதற்கென்று விடப்பட்ட இடம் பெயருக்கு மட்டுமே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வாழ்த்தைப் பற்றிப் பேசும்போது பயன்படும்.

நம் நாட்டில் 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் காலணா அஞ்சலட்டை வந்தது. அதற்கு முன்பே நம் வணிகர்களுக்கு வாடிக்கையாளரைச் சிறப்பிக்கும் முறைகள் தெரிந்தே இருந்தன. புதுக்கணக்கு எழுதும் நாளில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஓலையோ தாளோ அனுப்பி அழைப்பது, வந்தவருக்குச் சந்தனம், கற்கண்டு, தாம்பூலம் கொடுத்து ஒரு ரூபாயாவது வரவு எழுதிக்கொள்வது ஆகியவை அவற்றுள் சில. அச்சுத் தொழில் பெருகியபின் சிவகாசி இதற்கு ஒரு புது வடிவம் தந்தது. கடையின் பெயர் பொறித்த தினசரி நாட்காட்டி அது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அங்கே பூசை போட்டு அடுத்த ஆண்டிற்கான நாட்காட்டி மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுகிறார்கள். ஆடியில் மாதிரி பார்த்து, ஐப்பசிக்குள் படமும் வாசகமும் முடிவு செய்தால்தான் மார்கழியில் கட்டுகள் கடைக்கு வந்து சேரும். அட்டை வாழ்த்து ஒரு நாள் வாழும்; நாட்காட்டியோ இராகுகாலம் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் கடையின் பெயரைக் கண்ணில் காட்டும். இதனால்தான் மற்றச் செலவுகளைச் சுருக்கும் கடைக்காரரும் நாட்காட்டியைச் சுருக்கத் தயங்குகிறார்.

இதில் வரி பற்றிய சிறு செய்தி ஒன்றுண்டு. நம் துறையினருக்குப் பயன்படலாம். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தில், அன்பளிப்பாகக் கொடுத்துவிட்ட பொருளின்மீது உள்ளீட்டு வரி வரவு எடுக்க இயலாது என்று பதினேழாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு கூறுகிறது. நல்லெண்ணத்திற்கு வரிச்சலுகை கிடையாது போலும்.

பெயர் வெட்டும் நோட்டு

இனி எங்கள் கடை முறையைச் சொல்கிறேன். பாத்திரம் வாங்கினால் அதில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். முன்பு சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவார்கள். இப்போது மின்சாரக் கருவி வந்துவிட்டது. எந்தப் பாத்திரத்தில் என்ன பெயர், எந்தத் தேதி, யார் கொடுத்த சீர் என்பதைத் தவறில்லாமல் வெட்டவேண்டும் என்பதற்காக வாடிக்கையாளரையே ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்வார் என் தந்தையார். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் பித்தளையில் அழிக்க முடியாது. எனவே அந்த நோட்டு மிகவும் கவனமாக எழுதப்படும். அதன் ஓரத்தில், பாத்திரங்களை அனுப்பி வைப்பதற்காக வாங்கிய முகவரியும் இருக்கும். எங்கள் வாழ்த்துப் பட்டியல் முழுவதும் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான். தாத்தா காலத்து நோட்டுகளில் ஊர்ப்பெயரோடு முகவரி முடிந்துவிடும்; 1972 ஆகஸ்டு 15இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபின் எழுதியவற்றில்தான் ஆறு இலக்கம் தலைகாட்டுகிறது.

பட்டியலில் இப்போது ஏறக்குறைய நானூறு முகவரிகள் உள்ளன. கடைக்கு வந்தவர் எல்லோரும் அதில் இல்லை. 2016 மகாமகத்தின்போது பெருங்கூட்டம் வந்தது. தீர்த்தச் செம்பு நல்ல விற்பனை. அவர்களிடம் முகவரி வாங்கலாமே என்று என் அண்ணன் கேட்டதற்குத் தந்தையார், "அவங்க சாமி பார்க்க வந்தவங்க. நம்மளைப் பார்க்க வரலை" என்று மறுத்துவிட்டார். செலவைக் குறைக்கும் வழிகளுள் யாருக்கு அனுப்ப வேண்டாம் என்று தெரிந்திருப்பதே தலையாயது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

மடலில் அச்சிட்ட வாழ்த்து இரண்டே வரி. அதற்குக் கீழே பெறுபவரின் பெயரும், அவர்கள் வீட்டில் எந்தப் பெண்ணின் திருமணத்திற்குப் பாத்திரம் எடுத்தார்களோ அந்தப் பெண்ணின் நலம் விசாரிப்பும் கையால் எழுதப்படும். "மகள் சௌக்கியமா" என்று பொதுவாக எழுதுவதில்லை. நோட்டில் உள்ள பெயரை அப்படியே எழுதுவோம். நானூறு மடலுக்கும் இவ்வாறு எழுத மார்கழி மாதம் முழுவதும் இரவு வேலை. விலைப்பட்டியல், தள்ளுபடி, புதுச்சரக்கு வந்திருக்கிறது என்ற சேதி எதுவும் மடலில் இடம்பெறாது. பொங்கலோ எங்களுக்குப் பானை விற்கும் காலம். ஒரு வரி சேர்த்தால் விற்பனை கூடுமே என்று நான் ஒருமுறை கேட்டேன். "நல்ல நாள்ல நல்ல வார்த்தை மட்டும் போகட்டும்மா. பானை வேணும்னா அவங்களுக்கே தெரியும்" என்றார். முதலில் இது எனக்குப் பழமைவாதமாகப் பட்டது. பின்னர் யோசித்தபோது இதில் ஒரு கணக்கு இருப்பது விளங்கிற்று. வாழ்த்தும் விலையும் ஒரே தாளில் வந்தால் படிப்பவர் விலையைத்தான் படிப்பார். வாழ்த்து அந்த விலைக்குப் போட்ட முன்னுரையாகிவிடும். மறுநாள் தாள் குப்பைக்குப் போகும்.

பட்டியலில் உள்ளவர்கள் ஒரே சமயத்தார் அல்லர். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து இசுலாமியக் குடும்பங்கள் திருமணச் சீருக்கு எங்களிடம் எடுப்பதுண்டு. கிறித்தவக் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு முறையே ரமலானுக்கும் கிறிஸ்துமசுக்கும் மடல் போகும். ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் அதற்குத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். நாட்காட்டியிலும் அப்படியே: முருகன் படம் சில, வேளாங்கண்ணி மாதா படம் சில, பள்ளிவாசல் படம் சில, எல்லோருக்கும் பொதுவாக இயற்கைக் காட்சி சில. கட்டுகளைப் பிரித்து எந்த வீட்டுக்கு எந்தப் படம் என்று அடுக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் கொடுக்காமல் இருந்ததே மேல் என்றாகிவிடுமே!

அனுப்பாத மடல்

பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ஆண்டுதோறும் பென்சிலால் ஒரு சிறு கோடு இருக்கும். அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீடுகள் அவை. நம் வழக்கப்படி அந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. அங்கே பொங்கல் வாழ்த்துப் போய் விழுவது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். செய்தி எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடைத்தெருவில் காதில் விழுவது பாதி. அந்த ஊர்க்காரர் யாரேனும் பழைய பாத்திரம் மாற்ற வரும்போது விசாரித்தறிவது பாதி. திரும்பி வரும் மடல்களும் செய்தி சொல்லும். முகவரியாளர் வேறிடம் சென்றார், காலமானார் என்று தபால்காரர் குறித்த மடல்களைத் தந்தையார் தூக்கி எறியமாட்டார். நோட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துவார். பக்கத்து ஊராக இருந்தால் நேரிலேயே துக்கம் விசாரித்துவிட்டு வருவதும் உண்டு. அந்த வீட்டுக்கு அவ்வாண்டு மடல் போவதில்லை. மடல் வராததை அவர்கள் கவனிக்கவும் செய்கிறார்கள். ஓராண்டு கழித்துக் கடைக்கு வந்த ஒருவர், "போன வருஷம் நீங்க அனுப்பலை, தெரிஞ்சுதான் அனுப்பலைன்னு அம்மா சொன்னாங்க" என்று சொல்லிக் கண்கலங்கினார்.

இவ்விஷயத்தில் ஜப்பானியர்கள் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அங்கே புத்தாண்டு வாழ்த்து அஞ்சலட்டை பெரும் வழக்கம். நிறுவனங்களும் தம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும். டிசம்பர் 25க்குள் அஞ்சலில் சேர்த்தால் ஜனவரி முதல் நாள் காலை வீடுதேடி வந்துவிடும். அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த குடும்பத்தார் டிசம்பர் தொடக்கத்திற்குள் தாமே ஓர் அஞ்சலட்டை எழுதி, இவ்வாண்டு எங்களுக்கு வாழ்த்துப் பரிமாற்றம் இல்லை என்று எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறார்கள். அனுப்புபவர் தவறு செய்யும் நிலையே நேராதபடி பெறுபவரே காத்துக்கொள்ளும் முறை இது. அந்நாட்டிலும் இவ்வழக்கம் இப்போது தேய்ந்து வருகிறது. 2004ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு 440 கோடிக்கு மேல் அச்சிடப்பட்ட வாழ்த்து அட்டைகள் 2025க்கு ஏறக்குறைய 107 கோடியாகக் குறைந்துவிட்டன. 2024 அக்டோபரில் அஞ்சலட்டைக் கட்டணம் 63 யென்னிலிருந்து 85 யென்னாக உயர்ந்ததும் ஒரு காரணம்.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லவேண்டும். என் தாயார்வழிப் பாட்டனார் காலமான மூன்றாம் மாதம், அவர் வைப்புத்தொகை வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அவருடைய கைப்பேசிக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது. நூறாண்டு வாழ்க என்று இருந்தது. அந்த வைப்புத்தொகையைப் பெறுவதற்காகப் பாட்டி அதே அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சான்றிதழ் வாங்கிய மேசைக்கும் வாழ்த்து அனுப்பும் கணினிக்கும் பேச்சுவார்த்தை இல்லை! பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பணம் கைக்கு வந்ததும் அதை வேறிடத்தில் போட்டுவிட்டார்.

பதின்மூவாயிரம் மடல்

இதுவரை சொன்னதைக் கொண்டு, வாடிக்கையாளரை நன்கு அறிந்தவர் அனுப்பும் வாழ்த்தே பலிக்கும் என்று முடிவு கட்டிவிடலாம்போல் தோன்றும். அம்முடிவுக்கு இடைஞ்சலாக நிற்கிறார் ஓர் அமெரிக்கர். ஜோ ஜிரார்ட் என்பது அவர் பெயர், 2019இல் காலமானார். டெட்ராய்ட் நகருக்கருகே செவர்லே கார் விற்பனை நிலையத்தில் பணியாற்றிய அவர், 1963 முதல் 1978 வரை 13,001 கார்களைத் தனித்தனி வாடிக்கையாளர்களிடம் விற்றுக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். அவருடைய முக்கியமான கருவி வாழ்த்து மடல். பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாடிக்கையாளர்களுக்கு மாதந்தோறும், ஜனவரியில் புத்தாண்டு, நவம்பரில் நன்றி கூறும் நாள் என்று ஏதேனும் ஒரு காரணம் பற்றி மடல் போகும். உள்ளே எல்லோருக்கும் ஒரே செய்தி: எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. உறையின் நிறத்தையும் அளவையும் மாதாமாதம் மாற்றுவார். வீடுகளுக்குக் கட்டணச் சீட்டுகள் வந்து சேரும் நாள்களில் தம் மடல் போகாதபடியும் பார்த்துக்கொள்வார். 1984இல் வெளிவந்த நூலில் உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினி இவரை எடுத்துக்காட்டி, நம்மை ஒருவருக்குப் பிடிக்கிறது என்ற சொல்லுக்கு, அது விற்பனைக்காகச் சொல்லப்படுவது தெரிந்தும், நாம் இளகிவிடுகிறோம் என்று விளக்குகிறார்.

ஆகவே அறியாதவருக்கு அனுப்பும் அச்சு வாழ்த்தும் பலிக்கிறதே! இதை என் தந்தையாரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "மாசாமாசம் வந்தா, கடன் பாக்கிக்கு ஆள் வருதுன்னு நம்ம ஊருல பயந்துடுவாங்கம்மா" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் பொருள் உண்டு. ஜிரார்டின் காலத்தில் அமெரிக்கக் குடும்பம் சில ஆண்டுகளுக்கொருமுறை கார் மாற்றியது. எந்த மாதம் மனம் மாறும் என்று தெரியாதாகையால் எல்லா மாதமும் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பது அத்தொழிலுக்குப் பொருந்தியது. மேலும், அவர் காலத்தில் அவரைப்போல் செய்தவர்கள் மிகச் சிலரே. இன்று நம் கைப்பேசிக்கு ஒரே நாளில் இருபது நிறுவனங்கள் வாழ்த்து அனுப்புகின்றன. இருபது பேர் ஒரே குரலில் பேசினால் ஒருவர் பேச்சும் காதில் ஏறாது. ஜிரார்டின் முறை பலித்ததற்கு அது அரிதாக இருந்ததே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன்.

கைப்பேசிக்கு வந்த வாழ்த்து

2000க்குப் பிறகு கைப்பேசி பரவியபோது பொங்கல் வாழ்த்து அட்டைகளின் வீழ்ச்சி தொடங்கியது. நடைபாதையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்ற அட்டைகளை நாங்கள் சிறுவயதிலேயே அரிதாகத்தான் பார்த்தோம். குறுஞ்செய்தி மலிந்தவுடன் வணிக வாழ்த்துகள் வெள்ளமாகப் பெருகின. பண்டிகை நாள்களில் சலுகைக் கட்டணம் செல்லாது என்று கைப்பேசி நிறுவனங்கள் அறிவித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொல்லை மிகுந்ததால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதிகள் வகுத்தது. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, வணிக நிறுவனம் மொத்தமாகச் செய்தி அனுப்புவதானால் தன்னையும், அனுப்பும் வாசகத்தின் மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த மாதிரியில் மாறக்கூடிய இடம் மட்டும் வெற்றிடமாக விடப்படும். பெரும்பாலும் அது வாடிக்கையாளரின் பெயருக்கான இடம்தான். ஹென்றி கோல் 1843இல் விட்ட அதே வெற்றிடம்!

வாட்ஸ்அப் இதிலிருந்து சற்று வேறுபடுகிறது. அதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று வைத்துக்கொண்டு ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை ஒரே செய்தியை அனுப்பலாம். ஆனால் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கடைக்காரரின் பட்டியலில் வாடிக்கையாளர் பெயர் இருந்தால் போதாது; வாடிக்கையாளரின் பட்டியலில் கடைக்காரர் பெயரும் இருக்க வேண்டும். இவ்வாண்டு என் அண்ணன் இரண்டு பட்டியலாகப் பிரித்துச் சோதனையாக அனுப்பிப் பார்த்தபோது, போய்ச் சேர்ந்ததற்கான குறி பலருக்கு விழவே இல்லை. கையால் மடல் எழுதி அனுப்பிவந்த குடும்பங்களில் பெரும்பாலோருக்குச் செய்தி சேர்ந்திருந்தது. கடையில் எண் மட்டும் வாங்கி வைத்திருந்தவர்களில் மிகச் சிலருக்கே சேர்ந்தது.

எண் வாங்குவதைப் பற்றியும் ஒரு சொல். இன்று எந்தக் கடையில் எது வாங்கினாலும் கல்லாவில் கைப்பேசி எண் கேட்கிறார்கள். எதற்கென்று நாமும் கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் எந்த நோக்கத்திற்காகத் தம் விவரத்தைத் தர இசைந்தாரோ அந்த நோக்கத்திற்கே அதனைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. பில் போடக் கொடுத்த எண்ணுக்குப் பண்டிகை விளம்பரம் அனுப்புவது சரியா என்பது நம் துறை விவாத மேடைக்கு ஏற்ற தலைப்பு. பிறர் பொருளையும் தம் பொருளாக எண்ணிக் காப்பதே வணிகருக்கு முறை என்னும் கருத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். முகவரியும் கைப்பேசி எண்ணும் பிறர் பொருள்தானே?

வீட்டு விவாதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மடலுக்காகும் அச்சுக்கூலி, அஞ்சல் செலவு, என் இரவு வேலை எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். இந்த மடலால் இத்தனை ரூபாய் விற்பனை என்று எதிர்ப்பக்கத்தில் எழுத எங்களிடம் கணக்கு இல்லை. எந்தக் கடைக்காரரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் சென்ற ஆவணியில் சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாளை அண்ணனே கடையில் பார்த்தான். இளைய மகளுக்குத் திருமணம். ஆட்டோக்காரரிடம் இடம் கேட்பதற்காக அவர் பையிலிருந்து எடுத்தது ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அனுப்பிய பொங்கல் மடல். மூத்த மகளின் பெயர் அதில் எழுதியிருந்ததால் அவள் புகைப்படத்துடன் சேர்த்து வைத்திருந்தாராம்.

முடிவில் பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். திருமணச் சீர் எடுத்த குடும்பங்களுக்கு மடல் தொடரும். ஒற்றைப் பாத்திரம் வாங்கிப் போனவர்களில் எங்கள் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அண்ணன் அனுப்புவான். அதிலும் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே தட்டச்சு செய்ய வேண்டும், விலைப்பட்டியல் கூடாது என்பது தந்தையாரின் நிபந்தனை. மடலுக்குப் பதில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. சிலர் திருமண அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கம்பியில் அவை கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. வைகாசி முகூர்த்தங்களுக்கு இதுவரை ஐந்து வந்துள்ளன. அவற்றுள் மூன்று எங்களிடம் பாத்திரம் எடுத்த வீடுகள். மற்ற இரண்டு வீட்டாரும் இன்னும் வரவில்லை.